களரியும் ஆய்வேடும்

திருகோணமலைத் துறைமுகத்தைப்போல் அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்ட நீர்ப்பரப்பு இலங்கையில் வேறொன்று உண்டா என்பது ஐயமே. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். இடையிலே பிரெஞ்சுக்காரர் வந்து போயினர். 1795இல் பிரித்தானியர் வந்து நிலைத்தனர். வந்தவர் எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: எந்தப் பருவக் காற்றிலும் பெருங்கப்பல்கள் தங்கக்கூடிய ஆழம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் அடிநிலத்தை அறிந்து வரைபடம் தீட்டினர். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் கடற்படைத்தளம் இலங்கையின் கைக்கு வந்தபோது, அந்நீரின் ஒவ்வொரு மடிப்பும் தாளில் ஏறியிருந்தது.

அக்கரையில் வாழ்ந்த மனிதரின் உடல் என்ன ஆயிற்று? அதுவும் அளக்கப்பட்டதுதான். ஒருவன் நாளொன்றுக்கு எத்தனை மூட்டை சுமப்பான், எத்தனை மணி நேரம் வேலை செய்வான் என்பதைக் கூலிக் கணக்கு அறிந்திருந்தது. ஆனால் அதே மனிதன் இரவிலே களரியில் இறங்கிக் காலில் சதங்கை கட்டி விடியும்வரை ஆடினானே, அந்த ஆட்டத்தின் அளவை எவரும் எடுத்ததில்லை. எடுக்க வேண்டிய தேவை எந்த அரசுக்கும் இருக்கவில்லை.

இன்று அத்தேவை ஒரு புதிய திசையிலிருந்து எழுகின்றது. இவ்வூரைச் சேர்ந்த ஓர் ஆசிரியை ஆடல் விஞ்ஞானமும் ஆடற் கல்வியும் பற்றிப் பட்டப்பின் ஆய்வேடு ஒன்று எழுத முற்படுகின்றார் என வைத்துக்கொள்வோம். சிறு வயதிலேயே பரதம் பயின்றவர். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைப் படிப்படியாகக் கடந்தவர். யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்திலோ, மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ பட்டம் பெற்றவர். இப்போது நகரத்துப் பாடசாலை ஒன்றில், சீமெந்துத் தரை மண்டபத்தில், நாற்பது பிள்ளைகளுக்குத் தட்டடவு சொல்லிக் கொடுக்கின்றார். மாலையானால் முழங்கால் வலிக்கின்றது. அவ்வலியே அவருடைய முதல் ஆய்வு வினா. அவர் எழுதவிருக்கும் மேசைக்குப் பின்னால் ஒரு வரலாறு நிற்கின்றது. அதை அவர் அறிந்துகொண்டு அமர்வது நன்று என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் இந்த நகரத்திலேயே இருக்கின்றது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்பவர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் விஞ்ஞானம் கற்றார். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தராகி நாடு திரும்பிய அவர், 1920களின் பிற்பகுதியில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்த திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தினார். இரசாயனக் குடுவையைக் கையில் பிடித்தவர்தாம் பிற்காலத்தில் யாழின் நரம்புகளைக் கணக்கிட்டார். இது தற்செயலான செய்தியன்று. பழந்தமிழ் இசையை வெறும் பெருமைப் பேச்சாக விடாமல், ஒலியின் அதிர்வெண்ணாகவும் விகிதமாகவும் எழுதிக் காட்ட அவரால் முடிந்ததற்கு அவருடைய விஞ்ஞானக் கல்வியே காரணம். 1947 ஜூன் மாதத்தில் யாழ்நூல் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

யாழ்நூல் ஆடலைப் பற்றிய நூலன்று என்பார் உளர். உண்மைதான். ஆயினும் அந்நூல் கிளைத்த இடத்தை நோக்குவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனின் இலக்கணம் கூறும் அடிகளுக்கு விரிவுரையாக எழுந்ததே அது. அரங்கேற்றுகாதையோ ஓர் ஆடல் மாணவியின் கல்வி வரலாறு. மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகின்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு யாத்துக் கொடுக்கும் புலவன், மத்தளம் கொட்டுவோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்பது அங்கே வகுத்துரைக்கப்படுகின்றது. அரங்கின் அளவும் தரப்படுகின்றது: இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், குறட்டின் உயரம் ஒரு கோல். பாடத்திட்டம், ஆசிரியர் தகைமை, கற்கைக் காலம், கட்டட அளவு ஆகியன யாவும் ஒரு காதையினுள் அடங்கிவிட்டன. நம் கல்வி அமைச்சுகளின் சுற்றறிக்கைகளில் இத்துணைத் தெளிவைக் காண்பது அரிது.

எனினும் அக்காதை வேறொன்றையும் மறைக்காமல் சொல்கின்றது. அரங்கேறிய மாதவி அரசனிடம் தலைக்கோலும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புடைய மாலையும் பெற்றாள். அம்மாலை உடனே தெருவில் விலை கூறப்பட்டது. வாங்கியவனுக்கு அவளும் சேர்ந்தே உரியவளானாள். அறிவு அவளுடையது, உடலின் விலை சந்தையுடையது. ஆடற் கல்வியின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இந்த முரண்பாட்டைத் தாண்டிச் செல்ல இயலாது. இருபதாம் நூற்றாண்டில் அது வேறொரு வடிவில் திரும்பி வந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அது வேண்டிய சட்டமே. ஆனால் அதற்கு முன்பே, 1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரம் முதலிய நிலையங்களின் வழியே, ஆடல் மேற்சாதி நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் கல்வியாக மாறத் தொடங்கியிருந்தது. கலை மீட்கப்பட்டது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பத்துப் பெண்கள் அந்த மீட்பின் பயனில் பெரும்பங்கு பெறவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு வந்த பரதம் இந்தப் புதிய பரதமே.

விபுலாநந்தரிடம் மீள்வோம். அவர் திருகோணமலையில் பொறுப்பிலிருந்த காலத்திலேயே, 1926இல், மதங்க சூளாமணி என்னும் நாடக நூல் வெளிவந்தது. செகப்பிரியரின் பன்னிரு நாடகங்கள், பழந்தமிழ் நாடக இலக்கணம், வடமொழித் தசரூபகம் ஆகிய மூன்றையும் ஒரே நூலுள் கொணர்ந்த பெரும் முயற்சி அது. ஆனால் அவர் பிறந்த கிழக்குக் கரையில் ஊர்தோறும் மத்தளம் அதிர ஆடப்பட்ட வடமோடிக்கும் தென்மோடிக்கும் அதில் ஓர் இயல் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அக்காலத்துக் கற்றோருக்கு நாடகம் என்றால் ஏட்டில் உள்ளது. கூத்து என்றால் சேற்றில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கோயில்களில் நிகழ்ந்த சதிராட்டத்தைக் கண்டித்த குரல், அதன் பின் வந்த மூன்று தலைமுறைகளின் காதிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. விபுலாநந்தரே அதை மீறி ஆடலையும் பாடலையும் ஆராய்ச்சிக்கு உரியவையாக்கினார் என்பது சிறிய சாதனை அன்று.

அதே 1926ஆம் ஆண்டில் உலகின் மறுகோடியில் நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஹெச்டப்ளர் என்னும் ஆசிரியை ஆடலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் அத்தகையது அதுவே முதலாவது. அவர் நாட்டியக்காரர் அல்லர். உயிரியல் கற்றவர், உடற்பயிற்சி ஆசிரியை. மாணவியரைத் தரையில் படுக்கவைத்து, புவியீர்ப்பின் சுமையிலிருந்து விடுவித்து, மூட்டு ஒவ்வொன்றும் எங்ஙனம் அசைகின்றது என்று கண்டறியச் செய்தார். வகுப்பறையில் எலும்புக்கூடு நின்றது. ஆடல் விஞ்ஞானம் என்று இன்று நாம் சொல்லும் துறையின் ஒரு வேர் அங்கேயுள்ளது. அத்துறை வளர்ந்து 1990இல் நாட்டிய மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்குமான சர்வதேசச் சங்கமாக உருப்பெற்றது. விஞ்ஞானம் கற்ற இரு ஆசிரியர்கள், ஒருவர் துறவி, ஒருவர் உடற்பயிற்சி ஆசிரியை, ஒரே ஆண்டில் இரண்டு கரைகளில் ஆடலைப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குக் கொணர்ந்தனர். ஒருவர் ஏட்டிலிருந்து தொடங்கினார், மற்றவர் எலும்பிலிருந்து தொடங்கினார். நம் ஆய்வுகள் நெடுங்காலம் முதல் வழியிலேயே சென்றன.

இலங்கையில் கூத்து பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது பேராதனையிலே. 1956இல் சரச்சந்திரரின் மனமே சிங்கள நாடகம் மக்கள் மரபை நவீன அரங்குக்குக் கொணர்ந்து வெற்றி கண்டது. அவ்வாண்டிலேயே இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், தமிழ்க் கூத்தைத் தேடி ஊர்களுக்குச் சென்றார். 1962இல் கர்ணன் போர் பல்கலைக்கழக மாணவர்களால் ஆடப்பட்டது. அதைத் தொடர்ந்து நொண்டி நாடகமும், இராவணேசனும், வாலி வதையும் வந்தன. விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. சுற்றிவர மக்கள் அமர்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. இதனால் கூத்துக்கு நகரத்து மதிப்புக் கிடைத்தது. பட்டதாரிகள் சதங்கை கட்ட வெட்கப்படாத நிலை வந்தது. நான்கு பக்கமும் பார்க்கும் மக்களுக்காக அமைந்த ஆட்டக்கோலங்கள் ஒருபக்கப் பார்வைக்காக மாறியதும் உண்மையே. இலாபமும் நட்டமும் சேர்ந்தே வந்தன.

அம்மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் யார்? வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். மத்தளத்தை மடியில் வைத்துத் தாளக்கட்டைச் சொல்லி, ஒரு பல்கலைக்கழகத்தின் பிள்ளைகளுக்கு அடி எடுத்துக் கொடுத்தவர் அவர். அவருடைய பெயர் பின்னர் நன்றியோடு எழுதப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நன்றியுரையில் எழுதப்படும் பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் உள்ள தூரம், வந்தாறுமூலைக்கும் பேராதனைக்கும் உள்ள தூரத்தை விடப் பெரிது. அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆடியவரே ஆராய்ந்தார் என்பது அந்த ஆய்வின் பலம். வீசாணமும் நாலடியும் எட்டும் பொடியடியும் அதில் வெறும் சொற்களாக நிற்காமல் உடல் அறிந்த அசைவுகளாக விளக்கம் பெற்றன.

இதற்கிடையே கா. சிவத்தம்பி இங்கிலாந்து சென்று, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்னும் பொருளில் 1970இல் ஆய்வேட்டை முடித்தார். 1981இல் அது நூலாயிற்று. கிரேக்க நாடகத்தைக் குலமரபுச் சமூகத்தின் சடங்கிலிருந்து விளங்கிக்கொண்டவர் தொம்சன். அவரிடம் பயின்ற சிவத்தம்பி, துணங்கையையும் குரவையையும் வெறியாட்டையும் உற்பத்தி முறையோடும் சமூக அமைப்போடும் பொருத்திக் காட்டினார். ஆடல் என்பது வானத்திலிருந்து இறங்கிய அழகு என்னும் கருத்துக்கு நம் மொழியில் விழுந்த பலத்த அடி அது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபின், 1969இல் கந்தன் கருணை, சங்காரம் ஆகிய நாடகங்கள் கூத்தின் ஆட்டத்தையே சாதி எதிர்ப்புக்கும் வர்க்கப் போராட்டத்துக்கும் கருவியாக்கின என்பதையும் இவ்விடத்திற் சேர்த்தே நோக்க வேண்டும். ஆராய்ச்சியும் மேடையும் தெருவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இவ்வளவும் நடந்தபின்னும் திருகோணமலையின் ஆட்டங்கள் ஆய்வின் ஓரத்திலேயே நின்றன. மட்டக்களப்புக்கு ஒரு நூல் வரிசை உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் உண்டு. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள சம்பூர், கட்டைபறிச்சான், சேனையூர் ஆகிய ஊர்களின் கூத்துக்கும், தம்பலகாமத்து வயல்வெளிக் கூத்துக்கும் அதனோடு ஒப்பிடக்கூடிய அளவு எழுத்து இல்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் களிகம்பு ஆட்டமும் அவ்வாறே. நகரத்திலேயே நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நவராத்திரியின் முடிவு இரவுகளில் திருகோணமலைத் தெருக்களில் கும்பம் வருகின்றது. உயர அடுக்கி அலங்கரித்த கும்பத்தைத் தலையில் ஏந்தி, கொட்டுக்கு இசைய ஆடிக்கொண்டு, ஒழுங்கை ஒழுங்கையாகச் செல்கின்றார்கள். பின்னால் ஊரே செல்கின்றது. இதை நம் பாடத்திட்டம் எதுவும் ஆடல் என்று கணக்கில் எடுத்ததில்லை. சடங்கு என்று ஒதுக்கிவிடுகின்றது.

இங்கேதான் ஆடல் விஞ்ஞானம் நமக்கு உதவ வேண்டும், உதவவும் முடியும். பரதத்தின் அரைமண்டியை எடுத்துக்கொள்வோம். தொடையெலும்பு இடுப்புக் கிண்ணத்தினுள் வெளிநோக்கித் திரும்பினால்தான் முழங்கால் பாதத்தின் நேரில் நிற்கும். இடுப்பு அவ்வளவு திரும்பாத பிள்ளை, ஆசிரியை அதட்டும்போது பாதத்தை மட்டும் திருப்பிவிடுகின்றது. அப்போது மிச்சத் திருகல் முழுவதும் முழங்காலில் விழுகின்றது. அதன்மேல் வெறுங்காலால் சீமெந்தில் ஓங்கித் தட்டுகின்றாள். தட்டின் எதிர்விசை குதிகால் வழியே கணைக்காலுக்கு ஏறுகின்றது. ஐரோப்பிய நாட்டியக்கூடங்களில் தரைக்கடியில் நெகிழ்வுள்ள மரச்சட்டம் இடுகின்றார்கள். நமது கூத்துக் களரி மண்ணாலானது. அதுவும் காலை ஓரளவு தாங்கிக்கொள்கின்றது. ஆகக் கடினமான தரை கிடைத்தது பாடசாலைப் பிள்ளைக்கே. நவீனக் கல்வி கலையைச் சீமெந்து மண்டபத்துக்கு அழைத்து வந்தது. காலைப் பற்றி நினைக்க மறந்தது. இதை அளக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கோணமானி, ஒரு கடிகாரம், பொறுமையுள்ள ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தால் தொடங்கலாம். நம் ஆசிரியையின் முழங்கால் வலி இவ்வாறு பொருளுள்ள வினாவாகின்றது.

ஆனால் களரிக்கு வந்தவுடன் மேற்கத்திய ஆடல் விஞ்ஞானத்தின் ஓர் அடிப்படை ஆட்டங்காண்கின்றது. அத்துறையின் முறைகள் பெரும்பாலும் பலே முதலிய மேடை நடனங்களையும், ஆடுவதையே தொழிலாகவோ முழுநேரக் கல்வியாகவோ கொண்டவரையும் வைத்து வளர்ந்தவை. அவர் பகலில் பயில்கின்றார், இரவில் உறங்குகின்றார். கூத்தனோ பகல் முழுவதும் வேறு வேலை செய்தவன். காலையில் கரைவலை இழுத்திருப்பான். வயலில் குனிந்து நிமிர்ந்திருப்பான். துறைமுகத்தில் சுமை ஏற்றியிருப்பான். அவனே வடமோடிக் கரப்புடுப்பின் பாரத்தைச் சுமந்து, முடி தரித்து, பாடிக்கொண்டே ஆடுகின்றான். அவனது களைப்பில் எவ்வளவு கூத்தினுடையது, எவ்வளவு கூலியினுடையது? இரண்டையும் பிரித்து அளக்க இயலாது. பிரித்து அளந்தால் பொய்யான விடை வரும். அவன் வரவு பிந்துவதும், அடி தவறுவதும், முழங்கால் வீங்குவதும் அவனுடைய நாட்கூலியோடு சேர்த்தே குறிக்கப்பட வேண்டும். அட்டவணையில் இதயத் துடிப்புக்கு ஒரு நிரல் இருந்தால், அன்றைய வேலைக்கும் ஒரு நிரல் இருக்க வேண்டும். இவ்வொரு நிரலைச் சேர்ப்பதே நம் நாட்டு ஆடல் விஞ்ஞானத்தை இலண்டனிலிருந்து வந்த பிரதியாக இல்லாமல் ஆக்கும் என்று கருதுகின்றோம்.

பெண்களின் நிலையும் நிரலில் ஏற வேண்டியதே. மரபான கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். பாடசாலைப் பரதத்தில் ஏறத்தாழ எல்லோரும் பெண் பிள்ளைகள். ஆகவே ஒரே மாவட்டத்தில் ஆடும் ஆணுடலும் ஆடும் பெண்ணுடலும் இரு வேறு தரையில், இரு வேறு வர்க்கத்தில், இரு வேறு நோக்கோடு பயிற்றப்படுகின்றன. ஒன்றுக்குச் சான்றிதழ் உண்டு, வேலை வாய்ப்பு உண்டு, மற்றதற்கு இல்லை. அரங்கேற்றத்துக்காகத் தாய் அடகு வைக்கும் நகையையும் இக்கணக்கில் சேர்க்கலாம். ஆயினும் அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கற்பித்தலைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். ஏனெனில் தலைப்பில் கல்வி என்ற சொல்லும் உள்ளது. ஊரார் கூடிச் சட்டங்கொடுத்து யார் எந்தப் பாத்திரம் என்று தீர்மானிப்பார்கள். பின் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். ஓரளவு தேறியபின் சதங்கை அணியும் விழா, கடைசியில் அரங்கேற்றம், அதன்பின் வீட்டுக்கு வீடு ஆட்டம். அண்ணாவியார் மத்தளத்தில் இருப்பார். கொப்பி பார்ப்பவர் வரி பிசகாமல் பார்ப்பார். பிற்பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் கூத்தனின் பாட்டை ஏந்திக்கொள்வர். இந்தக் கடைசி ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆடுபவனின் நுரையீரல் தளரும் இடத்தில் குழு அப்பாட்டை எடுத்துக்கொள்கின்றது. உடலின் எல்லையை அறிந்து அதற்கு ஏற்ற முறையை வகுத்த ஒரு கல்வி அது. அதைக் கண்டவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. அதே ஊரின் கல்வியில் சாதியும் இருந்தது. பாத்திரப் பங்கீட்டில் அந்தஸ்து பேசியது. பறை முழக்கியவரின் கூத்து நெடுங்காலம் கூத்தென்றே எண்ணப்படவில்லை. மக்கள் கலை என்பதற்காக இவற்றை மூடிப் பேசுதல் ஆகாது. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் சேர்ந்து தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இவ்விடத்தில் வழிகாட்டுகின்றது. ஆராய்பவர் வெளியே நின்று குறிப்பெடுக்காமல், ஊராரோடு களரியில் அமர்ந்து, கூத்தின் சாதிப் பார்வையையும் பெண்ணைப் பற்றிய பார்வையையும் அவர்களோடே விவாதித்து மாற்றினார். அங்கே ஆய்வுக்கு உட்பட்டவர் ஆய்வாளரும் ஆனார்.

திருகோணமலையில் இதைச் செய்வதற்கு இன்னொரு தடை இருந்தது. 2006இல் போர் மூண்டபோது சம்பூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் காலியாயின. மக்கள் மட்டக்களப்பு முகாம்களிலும், பின் கிளிவெட்டி முகாமிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தனர். நிலம் விடுவிக்கப்பட்டுச் சம்பூர் மக்கள் திரும்பத் தொடங்கியது 2015இலேயே. கூத்துக்கு அயல் வேண்டும். இரவில் நடமாட உரிமை வேண்டும். ஒரு களரிக்கு மண் வேண்டும். ஒன்பது ஆண்டுகள் இவை மூன்றும் இல்லை. பத்து வயதில் அண்ணாவியாரின் பின்னால் நின்று தாளம் கேட்ட சிறுவன் திரும்பி வரும்போது கூலிக்குப் போகும் இளைஞன். அவன் கால் எதை மறந்தது, எதை வைத்திருக்கின்றது? உடலின் நினைவு பற்றி உலகப் பல்கலைக்கழகங்கள் ஆய்வு செய்கின்றன. அதற்குரிய மிகக் கடினமான வினா கொட்டியாரக் கரையில் கேட்பாரின்றிக் கிடக்கின்றது.

நம் ஆசிரியை இதற்கெல்லாம் எங்கே போவார்? திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் உண்டு. அங்கே சித்த மருத்துவமும் தொடர்பாடலும் கற்பிக்கப்படுகின்றன. ஆடல் கற்பிக்கும் நிறுவகம் கல்லடியில் இருக்கின்றது. மூட்டையும் நரம்பையும் அறிந்தவர் ஓரிடத்தில், அடவை அறிந்தவர் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். இரு இடத்தாரும் ஒரே ஆய்வேட்டுக்கு நெறியாளராக அமர்ந்தால் நன்று. மேற்கோள் காட்டும் நூல்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதும் மொழி எதுவாயினும், அண்ணாவியாரிடம் கையொப்பம் வாங்கும் சம்மதப் பத்திரமாவது அவர் வாசிக்கும் தமிழில் இருக்கட்டும். அளவெடுத்த உடல் யாருடையதோ அவருக்கு அளவின் பொருளைச் சொல்ல வேண்டும்: உங்கள் முழங்கால் இவ்வளவு தேய்ந்திருக்கின்றது, இந்தப் பாய்ச்சலை இப்படிக் குறைக்கலாம், இந்த உடுப்பின் பாரத்தை இங்ஙனம் மாற்றிக் கட்டலாம் என்று. பாடசாலை அதிபரிடம் சென்று, மண்டபத்துத் தரைக்குமேல் மரப்பலகை இடக் காசு கேட்க வேண்டும். மறுத்தால் அதையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும்.

ஆய்வேடு முடிந்ததும் கட்டுவித்த பிரதிகள் பல்கலைக்கழகத்துக்கும், நூலகத்துக்கும், நெறியாளருக்கும் போகும். இன்னொரு பிரதி கட்டைபறிச்சானுக்குப் போகட்டும். அங்கே கொப்பி பார்ப்பவர் இரண்டு மூன்று இரவு விளக்கின் முன் இருந்து அதை வாசிப்பார். தாளக்கட்டு எழுதிய இடத்தில் நிச்சயம் ஒரு பிழை கண்டு பிடிப்பார். மத்தளக்காரரையும் அழைத்துத் தட்டிப் பார்த்து, பென்சிலால் ஓரத்தில் திருத்துவார். அத்திருத்தத்தைப் பரீட்சகர் சபை எவ்விதம் ஏற்பது என்பதற்கு, நாம் இதுவரை புரட்டிப் பார்த்த விதிக்கோவைகளில் ஒரு வாசகமும் இல்லை.